பல் கேப் சிலருக்குக் கச்சிதமாக உட்காருகிறது, சிலருக்கு ஏன் இல்லை? ஸ்கேன், மில்லிங், பிரிண்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரூட் கெனால் முடித்த கையோடு டாக்டர் ஒரு விலைப்பட்டியலை நீட்டுவார். சாதா மெட்டல் செராமிக் (உலோகத்தின் மேல் பீங்கான்), டி.எம்.எல்.எஸ் (லேசரால் செய்த உலோகத்தின் மேல் பீங்கான்), ஜிர்கோனியா, ஈமேக்ஸ் (இரண்டும் உலோகம் இல்லாத செராமிக்) என்று கேப் வகைகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, சிலவற்றுக்கு வாரண்டி. "எல்லாம் இப்ப கம்ப்யூட்டர்ல செய்றதுதான், பக்காவா உட்காரும்" என்று ஒரு வரியும் கூடவே வரும். நான் பல் லேபில் கேப் செய்கிற வேலையில் இருக்கிறேன். அந்த ஒரு வரியை வைத்துத் தெரிந்தவர்களும், சொந்தக்காரர்களும், புதிதாகக் கிளினிக் தொடங்கிய டாக்டர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கேப் "கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது" என்றால் என்ன அர்த்தம்?

நாலு இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது விளிம்பு, அதாவது கேப் முடிந்து உங்கள் சொந்தப் பல் தொடங்கும் கோடு. நாங்கள் அதை மார்ஜின் என்போம். பெரும்பாலும் ஈறை ஒட்டியோ ஈறுக்குச் சற்றுக் கீழேயோ இருக்கும். இரண்டாவது உட்புறம், கேப்பின் உள்சுவருக்கும் ராவிய பல்லுக்கும் நடுவே சிமெண்ட் நிற்கிற இடம். மூன்றாவது பக்கத்துப் பற்களைத் தொடும் இடம். நான்காவது கடி.

நோயாளிக்குக் கடைசி இரண்டும்தான் தெரியும். கடி இடித்தால் நாற்காலியிலேயே சொல்லிவிடுவார், கீரை நார் சிக்கினால் மறுநாள் போன் செய்வார். முதல் இரண்டும் அவருக்குத் தெரியவே தெரியாது, ஆனால் கேப் எத்தனை வருடம் தாங்கும் என்பதில் மார்ஜினுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இடைவெளி எவ்வளவு வரை இருக்கலாம்?

இடைவெளியே இல்லாத கேப் என்று ஒன்று கிடையாது. நடுவே சிமெண்ட் இருந்தாக வேண்டும், அதற்கே ஒரு தடிமன் உண்டு. எல்லாரும் சொல்கிற எண் 120 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். தலைமுடி ஒன்று சுமார் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். 1971ல் பிரிட்டனில் மெக்லீன், வான் ஃபிரான்ஹோஃபர் என்ற இருவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேப் மற்றும் அது போன்ற வேலைகளை ஐந்து வருடம் கவனித்து, விளிம்பில் 120 மைக்ரானுக்குள் இருந்தால் ஏற்கலாம் என்றார்கள். அதைத்தான் இன்றைக்கும் பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகள் எடுத்துச் சொல்கின்றன.

அந்த எண்ணை ரொம்பப் புனிதமாக்க வேண்டாம் என்பது என் கருத்து. 119 இருந்தால் பல் பிழைக்கும், 121 இருந்தால் சொத்தையாகும் என்று எதுவும் இல்லை. நன்றாகச் சுத்தம் செய்கிறவர் வாயில் 150 கூட வருடக்கணக்காக நிற்கும், செய்யாதவர் வாயில் 60 கூடக் காப்பாற்றாது. ஆனாலும் ஒரு லேபுக்கு ஏதாவது கோடு வேண்டுமே, அதற்கு இது போதும்.

இடைவெளி அதிகமானால் என்னதான் ஆகும்?

சிமெண்ட் கரையும், அந்த இடத்தில் அழுக்கு தங்கும், ஈறு சிவந்து பிரஷ் பட்டாலே ரத்தம் வரும். அப்புறம் கேப்புக்குக் கீழே சொத்தை விழும். இதில் ஒரு மோசமான விஷயம் இருக்கிறது. ரூட் கெனால் செய்த பல்லில் நரம்பு இல்லாததால் சொத்தை எவ்வளவு ஆழமாகப் போனாலும் வலிக்காது. ஒரு நாள் சப்பாத்தி மெல்லும்போது கேப் உள்ளே இருந்த பல்லோடு சேர்ந்து ஒடிந்து கையில் வரும், அப்போதுதான் தெரியும். ஆகவே "வலி இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்பதை வைத்துக் கேப் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் எல்லா கேப்பும் லூசாகத்தான் இருந்ததா?

இல்லவே இல்லை, இந்த எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. மெழுகில் கேப் செய்து, அதைச் சுற்றி அச்சுமண் ஊற்றி, மெழுகை எரித்துவிட்டு அந்தக் குழிக்குள் உருகிய உலோகத்தைச் செலுத்தும் முறையை 1907ல் அமெரிக்காவில் வில்லியம் டகார்ட் பல் மருத்துவத்துக்குள் கொண்டு வந்தார். சிலை வார்க்கிறவர்கள் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்துகொண்டிருந்ததுதான்.

இந்த முறையில் ஒவ்வொரு படியிலும் அளவு மாறும். வாயில் அளவெடுக்கும் ரப்பர் அச்சு கொஞ்சம் சுருங்கும், பல்லின் மாதிரி செய்ய அதில் ஊற்றும் ஸ்டோன் என்கிற ஜிப்சம் கலவை கொஞ்சம் விரியும், மெழுகு ஆறும்போது சுருங்கும், நிக்கல் குரோம் உலோகம் ஆறும்போது சுமார் 2 சதவீதம் சுருங்கும், அந்தச் சுருக்கத்தை ஈடுகட்ட அச்சுமண் சூட்டில் விரிய வேண்டும். ஒன்றின் தவறை இன்னொன்று சரிக்கட்டும்படி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து வைத்திருப்பார்கள். கை பழகிய டெக்னீஷியன் அதில் செய்த மார்ஜின், இன்றைக்கு மெஷினில் வருவதற்குக் குறைந்ததில்லை. தங்கக் கேப்பாக இருந்தால் விளிம்பை மெதுவாகத் தேய்த்துப் பல்லோடு படிய வைக்கக்கூட முடியும், ஜிர்கோனியாவில் அந்தப் பேச்சே கிடையாது. சிக்கல் என்னவென்றால் அந்தக் கை எல்லாரிடமும் இல்லை, இருந்தவருக்கும் எல்லா நாளும் ஒரே மாதிரி வராது. மெஷின் வந்ததன் பெரிய லாபம் அங்கேதான், திங்கள் காலை செய்ததும் சனி இரவு செய்ததும் ஏறக்குறைய ஒன்றாக வரும்.

"டிஜிட்டல் கேப்" என்றால் முழுக்க டிஜிட்டலா?

கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை மூன்று கட்டம்: அளவு எடுப்பது, திரையில் வடிவமைப்பது, செய்து எடுப்பது. நம் ஊரில் நிறைய கிளினிக்குகளில் டாக்டர் பழையபடி ரப்பர் பேஸில்தான் அளவு எடுப்பார், லேபில் அதில் ஸ்டோன் ஊற்றி, அந்த மாடலை மேஜை ஸ்கேனரில் வைத்து ஸ்கேன் செய்து, அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் வேலை தொடங்கும். இதுவும் நல்ல முறைதான். ஆனால் ரப்பர் அச்சின் குறைகளும் ஸ்டோனின் குறைகளும் அப்படியே அதோடு கூட வரும். அச்சில் மார்ஜினருகே ஒரு காற்றுக்குமிழி விழுந்திருந்தால் மாடலில் அது ஒரு சின்ன மணியாக நிற்கும், ஸ்கேனர் அதையும் பல் என்று நம்பிப் படம் பிடிக்கும்.

வாய்க்குள்ளேயே கேமரா விட்டு ஸ்கேன் எடுத்தால் அச்சைவிடத் துல்லியமா?

ஒரு பல், இரண்டு பல் என்றால் இரண்டும் சமம், சில ஆய்வுகளில் ஸ்கேன் ஒரு படி மேல். வாய் முழுக்க எடுக்கும்போது கதை மாறும், ஏனென்றால் கேமரா சின்னச் சின்னப் படங்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகிறது, ஒட்டும்போது வருகிற சிறு பிழைகள் இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய் போவதற்குள் சேர்ந்துகொண்டே போகும்.

இந்த யோசனை புதிதில்லை. பிரான்சின் பிரான்சுவா துரே 1970களின் தொடக்கத்திலேயே ஒளியால் பல் அளவெடுப்பதைப் பற்றி ஆய்வேடு எழுதினார். சூரிச் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மன், மார்கோ பிராண்டெஸ்டினி இருவரும் செரெக் என்ற கருவியைக் கட்டி, 1985 செப்டம்பரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நோயாளிக்கே ஸ்கேன் செய்து, அங்கேயே கடைந்து, பல்லின் குழிக்குள் பொருத்தும் செராமிக் துண்டு ஒன்றை மாட்டினார்கள். அப்போது பல் மேல் வெள்ளைப் பொடி தூவினால்தான் கேமராவுக்குப் பிடிபடும், பொடி திட்டுத்திட்டாகப் படிந்தால் அதுவே ஒரு தடிமன் ஆகிவிடும். இப்போதைய கேமராக்களுக்குப் பொடி தேவையில்லை.

ஆனால் ஒன்று மாறவில்லை. கேமரா தன் கண்ணுக்குத் தெரிவதைத்தான் எடுக்கும். லைட் பாடி என்கிற இளகலான அச்சு ரப்பர் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே கொஞ்சம் வழிந்து உள்ளே போகும், ஒளி அப்படிப் போகாது. எச்சில் ஒரு துளி, ரத்தம் ஒரு கோடு, மடிந்து நிற்கும் ஈறு, இதில் எது மார்ஜின் மேல் இருந்தாலும் அந்த இடத்தில் ஸ்கேன் கோப்பில் வழவழவென்று ஒரு மேடு வரும். அதனால்தான் டாக்டர் ஸ்கேனுக்கு முன் ஈறுக்குள் ஒரு நூலைச் செருகி ஒதுக்குகிறார், கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து பத்து நிமிடம்தான் கேப்பின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

லேபில் மார்ஜினை மெஷினே கண்டுபிடித்துவிடாதா?

மென்பொருள் ஒரு கோடு போட்டுக் காட்டும். நல்ல பல்லாக இருந்தால் அந்தக் கோடு தொண்ணூறு சதவீதம் சரியாக இருக்கும், மிச்சத்தை நாங்கள் புள்ளி புள்ளியாக இழுத்துச் சரிசெய்வோம். சுட்டெலியை உருட்டிப் பெரிதாக்கிப் பார்த்தால், கன்னத்துப் பக்கம் அழகாகத் தெளிவாக ஒரு படி ஓடி வரும், பக்கத்துப் பல்லை ஒட்டிய மூலைக்குப் போனதும் அந்தப் படி மெல்ல மங்கி, பல்லும் ஈறும் ஒரே சரிவாகக் கலந்துவிடும். அந்த மூன்று மில்லிமீட்டரில் கோடு எங்கே போகிறது என்பதை ஒரு மனிதன் ஊகிக்கிறான். கேப் திரும்பி வந்தால் பெரும்பாலும் அந்த மூலையில்தான் திரும்பி வரும். டாக்டருக்குப் போன் போட்டு "சார், மீசியல்ல (வாயின் நடுவை நோக்கிய பக்கத்துல) மார்ஜின் தெரியலை, மறுபடி ஸ்கேன் அனுப்புங்க" என்று கேட்கிற லேபை எரிச்சலோடு பார்க்காதீர்கள். கேட்காமலே செய்து அனுப்புகிற லேபைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மில்லிங் மெஷினில் கடையும்போது எங்கே பிழை வருகிறது?

கடைகிற முனையைப் பர் என்போம், அது உருண்டையானது, அதற்கு ஒரு விட்டம் உண்டு. 2 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர், நுணுக்கமான வேலைக்கு 0.6 என்று மாற்றி மாற்றிப் போடும். ராவிய பல்லின் முனை பர்ரைவிடக் கூர்மையாக இருந்தால், கேப்பின் உட்புறத்தில் அந்தக் கூர்மைக்கு ஏற்ற குழியை அந்தப் பர்ரால் செதுக்கவே முடியாது. அப்போது மென்பொருள் இரண்டில் ஒன்றைச் செய்யும். ஒன்று, அந்த இடத்தில் தேவைக்கு மேல் தோண்டி எடுத்துவிடும். கேப் உட்காரும், ஆனால் உள்ளே பெரிய பள்ளம், மேலே செராமிக் மெலிந்துபோகும். இல்லாவிட்டால் தோண்டாமல் விடும். கேப் அந்தக் கூர்முனையில் இடித்துக்கொண்டு மேலேயே நிற்கும், சுற்றிலும் மார்ஜின் திறந்திருக்கும்.

முன்பற்களில் இந்தத் தொல்லை அதிகம், ராவிய பின் நுனி கத்தி மாதிரி மெலிந்துவிடுவதால். மில்லிங்குக்குப் பல்லை ராவும்போது எல்லா மூலையையும் மழுங்க உருட்டிவிட வேண்டும், மார்ஜின் தெளிவான படியாக இருக்க வேண்டும், சுவர்கள் மேல்நோக்கி லேசாகக் குவிய வேண்டும், எங்கும் உள்வாங்கிய பள்ளம் இருக்கக்கூடாது. மெழுகு முறைக்குக் கற்றுக்கொண்ட கையோடு கூர்மையான மூலைகளும் தவாளிப்புகளும் வைத்து ராவினால், பழைய முறையில் நன்றாக வந்த அதே பல் புது மெஷினில் சொதப்பும். டாக்டர் மெஷினைத் திட்டுவார், லேப் டாக்டரைத் திட்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி. ஜிர்கோனியாவைப் பெரிதாகக் கடைந்து பிறகு சூளையில் சுருக்குகிறோம், ஆகவே பர் விட்ட தடமும் கூடவே சுருங்கும். 1 மில்லிமீட்டர் பர் கடைசியில் சுமார் 0.8 பர் போட்ட வேலையைக் காட்டும். ஈமேக்ஸ் போன்ற கண்ணாடி செராமிக் கட்டியை ஏறக்குறைய நிஜ அளவிலேயே கடைய வேண்டியிருப்பதால் அந்தச் சலுகை கிடையாது. அதோடு, அதன் விளிம்பு கடையும்போது பொடிப்பொடியாகச் சிதறவும் வாய்ப்பு அதிகம். பர் தேய்ந்திருந்தால் இன்னும் மோசம். தேய்ந்த பர்ரை மாற்றாமல் "இன்னும் ரெண்டு யூனிட் ஓடட்டும்" என்று ஓட்டுவது லேப்களில் நடக்கிற விஷயம்தான், ஒளிக்க ஒன்றுமில்லை.

ஜிர்கோனியா சூளையில் சுருங்குமே, எப்படி அளவு தப்பாமல் வருகிறது?

கடையும் நிலையில் ஜிர்கோனியா சாக்பீஸ் மாதிரி மென்மையாக இருக்கும், நகத்தால் அழுத்தினால் விளிம்பு உதிரும். அதை சுமார் 1450 முதல் 1550 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் 20 முதல் 25 சதவீதம் சுருங்கி, எஃகுப் பர்ராலும் எளிதில் கீற முடியாத கல்லாக மாறும். சூளையிலிருந்து எடுத்த கேப்பையும் உள்ளே போகும் முன் இருந்த கேப்பையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே ஆளுடையது என்று நம்ப முடியாது.

கேப் கடைந்தெடுக்கும் ஜிர்கோனியா வட்டை டிஸ்க் என்போம், ஒவ்வொரு டிஸ்க்கிலும் அந்தத் தொகுதி எவ்வளவு சுருங்கும் என்ற எண்ணைக் கம்பெனி அச்சடித்திருக்கும். அதை மென்பொருளில் போட்டால் அத்தனை மடங்கு பெரிதாக்கிக் கடையும். அந்த எண்ணைத் தப்பாகப் போட்டால், உதாரணமாக 1.230க்குப் பதில் 1.240 என்று இருந்தால், 8 மில்லிமீட்டர் அகலப் பல்லில் அறுபது மைக்ரானுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். எல்லாப் பக்கமும் சீராகத் தளர்ந்திருக்கிற கேப் என்றால் முதல் சந்தேகம் இங்கேதான்.

ஒற்றைக் கேப்பில் சுருக்கம் சீராக இருக்கும். நாலைந்து பல் சேர்ந்த பிரிட்ஜ் என்றால் வளைந்துவிடும் அபாயம் உண்டு, தாங்கு கம்பிகளோடு நிறுத்திச் சுட வேண்டும், ஆறும் வேகத்தையும் அவசரப்படுத்தக்கூடாது. பொருளும் சூளையும் அதற்கென்றே வந்தவையாக இருந்தால் வேகச் சூளையில் ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பதும் சரியே. எல்லா டிஸ்க்கையும் அப்படிச் சுட முடியாது.

டி.எம்.எல்.எஸ் என்கிறார்களே, அது என்ன? சாதா மெட்டல் செராமிக்கைவிட ஃபிட் நன்றாக இருக்குமா?

கோபால்ட் குரோம் பொடியை மெல்லிய அடுக்காகப் பரப்பி, லேசரால் தேவையான இடத்தை மட்டும் உருக்கி, அதன் மேல் அடுத்த அடுக்கு. ஓர் அடுக்கு சுமார் 20 முதல் 50 மைக்ரான். கேப்பின் உள் உலோகக் கூடு இப்படி வளர்ந்து வரும், அதன் மேல் பீங்கான் பூசிச் சுடுவார்கள். பர் எதுவும் இல்லாததால் கூர்முனைப் பிரச்சினை இங்கே குறைவு. மெழுகு, அச்சுமண், வார்ப்பு என்ற மூன்று கண்டமும் ஒரே அடியாகப் போய்விட்டது. சராசரி லேபை எடுத்துக்கொண்டால் சாதா வார்ப்பைவிட டி.எம்.எல்.எஸ் சீராக வரும் என்று தயங்காமல் சொல்வேன், விலை வித்தியாசத்துக்கு ஏற்ற பலன் இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை: லேசர் பட்ட உலோகத்துக்குள் இறுக்கம் தங்கியிருக்கும், தாங்கு கம்பிகளை வெட்டும் முன்பே சூடு காட்டி அதைத் தளர்த்த வேண்டும். அதைத் தவிர்த்தால் நீளமான பிரிட்ஜ் முறுக்கிக்கொள்ளும். உள்ளே சின்ன உலோக முத்துகள் ஒட்டியிருக்கும், சுத்தம் செய்ய வேண்டும். அதோடு, பீங்கானை 900 டிகிரியை ஒட்டிய சூட்டில் திரும்பத் திரும்பச் சுடும்போது மார்ஜின் கொஞ்சம் அசையலாம், அது பழைய முறைக்கும் உள்ள குறைதான்.

ரெசின் (ஒளி பட்டால் இறுகும் பிளாஸ்டிக் திரவம்) பிரிண்டரில் கேப் செய்யலாமா?

தற்காலிகக் கேப்புக்கு அருமை. எரிந்துபோகும் ரெசினில் மாதிரி அச்சடித்து, அதன் குழிக்குள் இளகிய ஈமேக்ஸை அழுத்திப் பிரஸ் செய்வதும் நன்றாக வருகிறது. நிரந்தரக் கேப்புக்கென்று ரெசின்கள் வந்திருக்கின்றன, கடைவாய்க்கு எத்தனை காலம் தாங்கும் என்பதில் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஃபிட் பொறுத்தவரை, எந்தக் கோணத்தில் படுக்க வைத்து அச்சடிக்கிறோம், ஆல்கஹாலில் கழுவி முடித்தபின் உள்ளே ஒட்டிய ரெசின் போயிற்றா, ஒளியில் எவ்வளவு நேரம் இறுக்கினோம், இவைதான் தீர்மானிக்கும். கழுவாத ரெசின் உள்மூலையில் தங்கி இறுகினால் கேப் உட்காராது, பிரிண்டரின் மேல் பழி விழும்.

சிமெண்டுக்கு இடம் விடுவது என்கிறார்களே, அது யார் முடிவு?

திரையில் ஒரு கட்டத்தில் போடும் எண் அது. முன்பெல்லாம் ராவிய பல்லின் ஸ்டோன் மாதிரியான டையின் மேல் நகப்பூச்சு போல ஒரு பூச்சைத் தடவுவோம், மார்ஜினுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே நிறுத்திவிடுவோம். இன்றைக்கு அதையே எண்ணாகக் கொடுக்கிறோம், உட்புறத்தில் பொதுவாக 40 முதல் 80 மைக்ரான், மார்ஜின் ஓரத்தில் மிகக் குறைவாக.

குறைத்து வைத்தால் கேப் இறுக்கமாக இருக்கும், அது நல்லது என்று தோன்றும். சிமெண்ட் இல்லாமல் மாட்டிப் பார்க்கும்போது அழகாக உட்காரும், சிமெண்ட் வைத்து அழுத்தும்போது வெளியேற வழியில்லாமல் உள்ளே சிக்கிக்கொண்டு கேப்பைத் தூக்கி நிறுத்தும். குழம்பு தளும்ப நிரப்பிய டிபன் டப்பாவின் மூடி மாதிரி, அழுத்தினாலும் கடைசிப் பொட்டு இறங்காது. கடி உயரும், மார்ஜின் திறக்கும். கூட்டி வைத்தால் கேப் பல்லின் மேல் திரும்பும், சிமெண்ட் தடிக்கும். சரியான எண் லேபுக்கு லேப், மெஷினுக்கு மெஷின், பொருளுக்குப் பொருள் மாறும். ஒரு டாக்டரின் கேப்புகள் தொடர்ந்து இறுக்கமாக வருகின்றன என்றால் லேபுக்குச் சொன்னால் போதும், அவர் பெயருக்கென்றே எண்ணை மாற்றி வைத்துவிடுவோம். சொல்லாமல் ஒவ்வொரு கேப்பையும் உள்ளே குடைந்து மாட்டுகிறவர்கள்தான் அதிகம், அது வீண் வேலை, செராமிக்கும் பலவீனமாகும்.

அப்படியானால் எந்த முறையில் ஃபிட் சிறந்தது? நேராகச் சொல்லுங்கள்.

நேராகச் சொன்னால், நன்றாகச் செய்த எந்த முறையும் 120 மைக்ரானுக்குள் வரும். ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, நன்றாக ராவிய பல்லுக்கும் அவசரத்தில் ராவிய பல்லுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், விலை உயர்ந்த கேப்பை அவசரக்காரரிடம் போடுவதைவிட டி.எம்.எல்.எஸ் கேப்பை நிதானமான டாக்டரிடம் போட்டுக்கொள்ளுங்கள்.

"மில்லிங் 45 மைக்ரான், பிரிண்டிங் 70 மைக்ரான்" என்று இணையத்தில் வரும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். இடைவெளி என்பதை எங்கிருந்து எங்கே அளப்பது என்பதிலேயே பல விதம் உண்டு; 1989ல் ஹோம்ஸ் குழுவினர் அதற்கென்றே வரையறைகளைப் பிரித்து எழுதினார்கள், இன்னமும் எல்லாரும் ஒரே மாதிரி அளப்பதில்லை. ஒருவர் கேப்பை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார், ஒருவர் உள்ளே சிலிக்கோன் அழுத்தி அந்தப் படலத்தின் தடிமனை அளப்பார், இன்னொருவர் மைக்ரோ சி.டி ஸ்கேன் எடுப்பார். சோதனை மேஜையில் பிளாஸ்டிக் பல்லில் கிடைத்த எண், எச்சிலும் நாக்கும் உள்ள வாயில் கிடைக்காது.

ஒரே நாளில் கேப் மாட்டுகிறார்களே, நம்பலாமா?

நம்பலாம். நீல நிறத்தில் இருக்கும் ஈமேக்ஸ் போன்ற லித்தியம் செராமிக் கட்டியைக் கடைந்து, சுமார் 840 டிகிரியில் சுட்டால் பல் நிறம் வந்துவிடும், சுருக்கம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. அளவெடுத்த பல் அதே நாளில் மூடப்படுவதால் பக்கத்துப் பல் நகர்வதற்கும் ஈறு வளர்வதற்கும் நேரமே இல்லை, அது பெரிய சௌகரியம். ஆனால் ஸ்கேன் பார்த்து, மார்ஜின் கோடு போட்டு, கடைந்து, சுட்டு, மாட்டுவது எல்லாம் ஒரே ஆள், வெளியே நாலு பேர் காத்திருக்கிறார்கள். இரண்டாவது கண் ஒன்று அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஒரே குறை.

கேப் மாட்டும் அன்று நான் என்ன கவனிக்கலாம்?

சிமெண்ட் வைப்பதற்கு முன் ஒரு முறை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்துப் பற்களுக்கு நடுவே நூல் விட்டால் "டக்" என்று இறங்க வேண்டும். இறங்கவே இல்லை என்றால் இறுக்கம், தடையே இல்லாமல் வழுக்கினால் சாப்பாடு சிக்கும். பக்கத்துப் பல்லில் இறுக்கமாக இடித்தாலும் கேப் முழுதாக இறங்காது, மார்ஜின் திறந்திருக்கும், ஆகவே டாக்டர் முதலில் அதைத்தான் சரிசெய்வார். நீலக் காகிதம் கடித்துப் பார்க்கும்போது மற்றப் பற்களிலும் நிறம் படுகிறதா என்று கேளுங்கள். "போகப் போகப் பழகிடும்" என்ற பதிலை ஏற்க வேண்டாம், உயர்ந்த கடி பழகாது, பல்தான் வலிக்கத் தொடங்கும்.

சில டாக்டர்கள் வெள்ளைச் சிலிக்கோனைக் கேப்புக்குள் போட்டு மாட்டி எடுப்பார்கள். உள்ளே பார்த்தால் படலம் எங்கும் மெல்லிய வெள்ளையாக இருக்கும், இடிக்கிற இடத்தில் மட்டும் படலம் கிழிந்து கேப்பின் நிறம் ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியை மட்டும் தொட்டு எடுத்தால் கேப் இறங்கிவிடும். இதைச் செய்கிற டாக்டர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எக்ஸ்ரேயும் எடுப்பது நல்லது, இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள மார்ஜின் அதில் தெரியும். கன்னத்துப் பக்கமும் நாக்குப் பக்கமும் அதில் தெரியாது, அங்கே கூர்க்கம்பியால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

15 வருட வாரண்டி கார்டு கொடுத்தார்கள், அப்படியானால் ஃபிட் உத்தரவாதம்தானே?

இல்லை. பொதுவாக அந்தக் கார்டு செராமிக் உடைந்தால் புதிது தருவதற்கானது. உள்ளே சொத்தை விழுந்தாலோ ஈறு வீங்கினாலோ அதில் இடமிருக்காது. பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள்.

கேப் அடிக்கடி கழன்று வருகிறது. ஃபிட் சரியில்லையா?

இருக்கலாம், ஆனால் முதலில் பல்லின் உயரத்தைப் பார்ப்பேன். ராவிய பின் பல் குட்டையாக நின்றாலோ, சுவர்கள் கூம்பு போல ரொம்பச் சரிந்திருந்தாலோ, மைக்ரான் கணக்கில் எவ்வளவு கச்சிதமான கேப்பும் நிற்காது. அதற்கு மெஷினில் மருந்து இல்லை. ஈறைக் கொஞ்சம் இறக்கிப் பல்லின் உயரத்தைக் கூட்டுவதோ, ஒட்டும் தன்மை அதிகமுள்ள ரெசின் சிமெண்டுக்கு மாறுவதோ டாக்டர் முடிவு.

திரும்பச் செய்ய வேண்டும் என்றால் பழைய ஸ்கேன் கோப்பே போதுமா?

கோப்பில் மார்ஜின் தெளிவாக இருந்து, தவறு கடைசலிலோ சூளையிலோ நடந்திருந்தால் போதும், மறுநாளே இன்னொன்று கடைந்துவிடலாம். டிஜிட்டலின் உண்மையான சுகம் இது, பழைய காலத்தில் டை உடைந்திருந்தால் மறுபடி வாயிலிருந்து தொடங்க வேண்டும். மார்ஜின் மங்கலாக இருந்தால் அதே கோப்பில் பத்துக் கேப் செய்தாலும் அதே மூலையில் பத்தும் தவறும், புது ஸ்கேன்தான் வழி.

நடுவில் தற்காலிகக் கேப் கழன்று ஒரு வாரம் அப்படியே விட்டிருந்தாலும் பழைய கோப்பு உதவாமல் போகலாம். பக்கத்துப் பல் மெல்லச் சாயும், எதிர்ப்பல் இறங்கும், ஈறு மார்ஜின் மேல் ஏறிப் படியும். அதனால் தற்காலிகக் கேப் கழன்றால், "புதன்கிழமை எப்படியும் போறோமே" என்று காத்திருக்காமல் அன்றைக்கே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள்.